குரவை நிரப்பிய வரி

"இது களவில்லையாகா?" என்று மேனுஜா கேட்டாள்.

"ஒரு தேங்காயப் பிடுங்கினா மரத்தில ஒண்டு குறையும். இதில என்ன குறையுது, சொல்லு பாப்பம்."

"அந்த மனிசனுக்கு ஒண்டும் கிடைக்காதே."

"பாடினத ஆரும் கேக்காமக் கிடக்கிறதவிட இது நல்லம்தானே."

"உனக்குக் கேக்கணும் எண்டு சொல்லுகா. ஊருக்குக் கேக்கணும் எண்டு சொல்லாத."

பதினான்கு வருடங்களுக்கு முன், ஒலுவில் பல்கலைக்கழகத்தின் கணினி அறையில், மின்விசிறி தலைக்கு மேல் அரைத் தூக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் நடந்த பேச்சு அது. மேனுஜா சொல்லி முடித்ததும் றுஸ்தா பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல மெல்ல நீண்டது. அது முழுதாக நீண்டு முடிந்தபோது, மருதமுனைப் பையன் ஒருவன் பாடிய பன்னிரண்டு பாட்டுகள் உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.

சீடி மேனுஜாவின் அண்ணன் பிரசாந்துடையது. பாண்டிருப்பிலிருந்து ஒருநாள் இரவலாக வந்திருந்தது. ஓட்டோவுக்குள் மணலோடு கிடந்ததால் அதன் முதுகில் ஒரு கீறல் விழுந்திருந்தது. அந்தக் கீறலால் ஐந்தாவது பாட்டில் ஓரிடத்தில் 'டிக்' என்று ஒரு துள்ளல். குரல் ஒரு வரியைத் தாண்டி அடுத்த வரியில் போய் நிற்கும்.

*கரையில் வைத்த காலடியை*
*அலை வந்து வாசித்துப் போனது*

டிக்.

*இன்னும் நான் காத்திருக்கிறேன்.*

மூன்றாவது வரி என்னவாக இருக்கும் என்று அன்று தொடங்கிய யோசனை. இன்னும் முடியவில்லை.

சொந்தமாக ஒரு சீடி வாங்காததற்குப் பணம் இல்லாதது மட்டும் காரணமில்லை. அந்த சீடியை விற்றது கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கடை. கடை வாசலில் எந்நேரமும் ஆம்பிளைப் பிள்ளைகள் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்பார்கள். மூன்று தரம் றுஸ்தாவும் மேனுஜாவும் எதிர்ப்பக்கம் வரைக்கும் போயிருக்கிறார்கள். மூன்று தரமும் ஆளுக்கொரு ஐஸ்கிறீம் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். ஒரு குமர்ப்பிள்ளை அந்தக் கூட்டத்தை விலக்கி உள்ளே போய், ஒரு வாலிபனின் குரல் வேண்டும் என்று வாய் திறந்து கேட்பது அன்று நடக்கிற காரியமா? இணையத்தில் போட்டுவைத்தால், சீடி திரும்பிப் போன பிறகும் பாட்டு இருக்கும், யாரிடமும் எதுவும் கேட்கத் தேவையில்லை. 'நுரை' என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டாள். பாட்டுகளுக்குக் கீழே ஒரு வரி எழுதினாள்: *கேட்டுப் பாருங்கள், எங்கள் கரையில் இப்படியும் ஒரு குரல் இருக்கிறது.*

ஒரு வாரத்தில் விடுதியின் எல்லாக் கைத்தொலைபேசிகளிலும் அந்தக் குரல் இருந்தது. ஒரு மாதத்தில் அக்கரைப்பற்று, பொத்துவில் என்று ஓடுகிற பஸ்களில் இருந்தது. குவைத்தில் லொறி ஓட்டுகிற ஒருவர், பாலைவனத்து றோட்டில் எங்கட கடல் கேக்குது என்று எழுதியிருந்தார். அதை வாசித்த நாள் முழுக்க றுஸ்தா மணலுக்கு ஒரு சாண் மேலே நடந்தாள். ஏதோ நன்மை செய்துவிட்டதாகத்தான் நினைத்தாள்.

பிறகு அந்தப் பையன் பாடுவதை விட்டுவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். சாய்ந்தமருதில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறானாம். இரண்டாவது சீடி வரவேயில்லை.

அதற்கும் பிறகு, ஒரு கலியாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளையின் பெயர் றுமைஸ், மருதமுனை, எஞ்சின் திருத்துகிற நல்ல பிள்ளை, முந்திப் பாட்டும் படிச்சவன் என்று தரகர் சொன்னபோது, அடுப்படியில் நின்ற றுஸ்தா புகைப்படத்தைப் பார்க்காமலே சம்மதம் சொன்னாள். உம்மா ஆச்சரியப்பட்டா. வாப்பா சந்தேகப்பட்டார். அவர்களுக்கு எதுவும் விளங்கவில்லை.

*

அந்தப் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பது வழக்கம். றுமைஸ் வரும்போது இரண்டு சாமான்கள் கொண்டு வந்தான். ஒன்று எஞ்சின் திருத்துகிற ஆயுதப் பெட்டி. மற்றது நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டிய ஒரு காட்போட் பெட்டி. அதை அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்தான். உள்ளே என்ன என்று அவன் சொல்லவில்லை. றுஸ்தாவும் கேட்கவில்லை. விற்காமல் மிஞ்சிய சீடிகள் என்று அவளுக்குத் தெரியும்.

பன்னிரண்டு வருடமாகப் பெட்டி அங்கேயே இருக்கிறது. அவன் வேலைக்குப் போன எத்தனையோ பகல்களில், கச்சான் காற்று ஜன்னல் சீலையை ஊதி ஊதி விளையாடும் நேரத்தில், கதிரையைப் போட்டு ஏறி அந்தக் கயிற்றின் முடிச்சை அவள் விரலால் தொட்டிருக்கிறாள். அவிழ்த்ததில்லை. கீறல் இல்லாத ஒரு சீடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மூன்றாவது வரி உள்ளே உறங்குகிறது. ஆனால் அவனைக் கேட்காமல் எடுத்தது ஒரு தரம் போதும்.

கேட்கவும் முடியவில்லை. "அந்தப் பாட்டை ஒருக்காப் படிங்களன்" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டு, அவன் பாடும்போது கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்க அவளால் ஏலாது. முதலில் தான் அன்று செய்ததைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் பாடவே மாட்டான்.

வீட்டில் அவன் முணுமுணுப்பதுகூட இல்லை. ஒரே ஒரு நாள், கடற்கரைப் பட்டறைக்குச் சோறு கொண்டுபோன நேரம், தண்ணீர் நிரப்பிய பீப்பாய்க்குள் எஞ்சினை இறக்கி ஓடவிட்டபடி அவன் வாயசைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். எஞ்சின் இரைச்சலுக்கு அடியில் ஏதோ ஒன்று தண்ணீருக்குள் வெளிச்சம் போல அசைந்தது. பாட்டா, காற்றா, அவளுடைய ஆசையா என்று பிரித்தறிய முடியவில்லை. அவளைக் கண்டதும் அவன் வாய் மூடிக்கொண்டது.

பாட்டு மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. ஐந்தாவது பாட்டு எப்படியோ கலியாணப் பாட்டாகிவிட்டது. காத்திருக்கிறேன் என்று முடிகிறதல்லவா. மாப்பிள்ளை வரும் நேரம் அதைப் போடுவார்கள். பெண்கள் கூடச் சேர்ந்து படிப்பார்கள். 'டிக்' என்று துள்ளும் இடத்தில் ஒரு வெற்றிடம் இருப்பது அவர்களுக்குப் பொறுக்கவில்லை போலும். அந்த இடத்தில் எல்லாரும் சேர்ந்து குரவை போடுவார்கள். எந்த ஊரில், எந்தப் பெண் அதை முதலில் தொடங்கினாள் என்று யாருக்கும் தெரியாது. இப்போது அது பாட்டின் ஒரு பகுதி. அவர்களுடைய ஒன்பது வயது மகள் அஸ்னா வீட்டுக்குள் விளையாடும்போதும் இரண்டு வரி படித்து, நாக்கைச் சுழற்றிச் சின்னக் குரவை போட்டு, நான்காவது வரிக்குப் போவாள். அந்த நேரம் றுமைஸ் எழும்பி வெளியே போய்விடுவான்.

அவர்களுடைய கலியாணத்திலும் அப்படித்தான். குரவை எழுந்தபோது மாலையோடு நின்ற மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். வெட்கம் என்று பெண்கள் சிரித்தார்கள். றுஸ்தாவும் அப்படித்தான் நினைத்தாள்.

*

இந்த வருடம் றுஸ்தாவுக்கு மக்காவுக்குப் போய் உம்றாச் செய்யும் நசீப் கிடைத்தது. உம்மாவுடன், தம்பியுடன், வியாழக்கிழமை பயணம். போவதற்கு முந்திய வாரம் வீடு நிறைய ஆட்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் அவள் கையைப் பிடித்து, தெரிஞ்சோ தெரியாமலோ செஞ்ச பிழைகளை மாப்பாக்கி ஹலாலாக்குங்க என்று கேட்டாள். அவர்களும் ஹலால், ஹலால், பொறுத்தாச்சு என்று சொல்லிவிட்டு, கஃபாவைக் காணும்போது தங்களையும் நினைக்கச் சொன்னார்கள். நாலாவது வீட்டு ஜுனைதா மட்டும், ரெண்டு வருஷத்துக்கு முந்தி வாங்கின இடியப்பத் தட்டை நினைவூட்டிவிட்டு ஹலாலாக்கினாள். தட்டு அன்றே திரும்பிப் போனது.

படைத்தவனுக்குச் செய்த பிழையைப் படைத்தவன் பொறுப்பான். மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதர்தான் பொறுக்க வேண்டும். சின்ன வயதில் ஓதப்போன இடத்தில் படித்த பாடம் அது. மொத்தமாகக் கேட்கிற மாப்பு, முகம் தெரியாத பிழைகளுக்கு. முகம் தெரிந்த பிழைக்கு அதன் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

திருக்கோவில் ஊரில் ஆசிரியையாக இருக்கும் மேனுஜாவுக்கும் தொலைபேசி எடுத்தாள்.

"எனக்கு நீ என்னகா பிழை செஞ்சாய்? அண்ணன்ட சீடியில இன்னும் கொஞ்சம் மண்ணப் பூசிக் குடுத்ததத் தவிர," என்று மேனுஜா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அவரிட்டச் சொல்லிட்டியா?"

"இல்ல."

"அப்ப எனக்கு ஏன்கா எடுத்தாய்?"

*

திங்கட்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஹமீட் காக்கா வந்தார். கல்முனை பஸாரில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருப்பவர். அவரும் அதே உம்றாக் கூட்டத்தில் போகிறார். ஆனால் அவர் தேடி வந்தது றுஸ்தாவை அல்ல, றுமைஸை. முன்னறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்த றுஸ்தா கதவுச் சீலைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.

ஹமீட் காக்கா சுற்றி வளைக்கவில்லை. பாட்டு ஏற்றித் தரப்படும் என்று பலகை போட்டு உழைத்த காலத்தில், றுமைஸுடைய பாட்டுகளை எத்தனை ஆயிரம் மெமரி கார்டுகளுக்கு ஏற்றினார் என்று தனக்கே தெரியாது என்றார். பாடினவர் அதே ஊரில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டேதான் ஏற்றினாராம். "என்ட மோட்டர் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிச்சதே உங்கட தொண்டையிலதான், தம்பி. இத வச்சுக்கொண்டு நான் எப்பிடி அங்க போய் நிக்கிற?"

றுமைஸ் அவரை அதிகம் கெஞ்ச விடவில்லை. ஹலால் என்று உடனே சொன்னான். நீங்கள் ஏற்றாவிட்டால் பக்கத்துக் கடைக்காரன் ஏற்றியிருப்பான் என்றான். வாப்பாவின் தோணியை விற்றுத்தான் அந்த சீடியைச் செய்தான், அது போனது அந்த நேரம் வலித்தது, இப்போது இல்லை என்றான். ஹமீட் காக்கா பெருமூச்சு விட்டார். தான் களவாக எடுத்தது இணையத்திலிருந்து என்றும், அதை முதலில் அங்கே போட்டது யார் என்று தெரியாது என்றும் சொன்னார்.

"நுரை எண்டு ஒரு ஆள்," என்றான் றுமைஸ்.

றுஸ்தா தேத்தண்ணித் தட்டைத் தரையில் வைத்துவிட்டுச் சீலைக்கு இன்னும் கிட்ட வந்தாள்.

அந்தப் பெயரை அவன் ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்தானாம். ஏசி எழுத வேண்டும் என்றுதான் முதலில் போனானாம். கீழே எழுதியிருந்த அந்த ஒரு வரியை வாசித்ததும் மனம் வரவில்லையாம். பிரியமாகக் கேட்ட ஆள் என்று விளங்கியதாம். "களவெடுத்த ஆளிட்டக் கோவம் இல்ல, காக்கா. என்னட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, கீறல் விழாத சீடி ஒண்டு நானே சும்மா குடுத்திருப்பன். அந்த ஆள் கேக்கல்ல. அதுதான் குறை."

"கீறலா?"

"அந்த அஞ்சாவது பாட்டு கலியாணப் பாட்டில்ல. உம்மாவுக்கு எழுதினது. சுனாமியில கடல் ஊருக்குள்ள வந்த அண்டைக்கு உம்மா கரையிலதான் நிண்டா. மூணாவது வரியிலதான் உம்மா இருக்கா. அந்த வரியத்தான் கீறல் திண்டுட்டு." அவன் குரல் தாழ்ந்தது. "அது இல்லாட்டி ஒரு பொடியன் பொடிச்சிக்குப் படிக்கிற மாதிரித்தானே இருக்கும். ஊரும் அப்பிடித்தான் எடுத்திட்டு. என்ட கலியாணத்திலயே போட்டாங்க. உம்மா இருந்த இடத்தில குரவை விழுந்திச்சு."

றுஸ்தா தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைக்கவில்லை. கோப்பைகளில் ஆடை படிந்து ஆறிப்போனது.

*

செவ்வாய்க்கிழமை அவள் மூன்று தரம் வாய் திறந்தாள். ஒரு தரம் கறிக்கு உப்புக் காணுமா என்று கேட்டாள். ஒரு தரம் அஸ்னாவின் பாடசாலைச் சப்பாத்து எங்கே என்று கேட்டாள். மூன்றாம் தரம் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் என்ன என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான்.

சும்மா இருந்துவிடலாம் என்றும் மனம் சொன்னது. அவனுக்குக் கோபம் இல்லை என்று காதாலேயே கேட்டாகிவிட்டது. யாரோ ஒரு நுரையை அவன் ஏற்கெனவே பொறுத்துவிட்டான். போகும்போது எல்லாரிடமும் போல அவனிடமும் மொத்தமாக ஒரு மாப்பைக் கேட்டால், அவன் ஹலால் என்று சொல்வான், வாழ்க்கை முன்போலவே போகும். அதை யோசித்துக்கொண்டே பயணப் பெட்டி அடுக்கியபோது அலுமாரிக்கு மேலே கண் போனது. கயிற்றின் முடிச்சு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

புதன்கிழமை பின்னேரம் அவள் சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தாள். கச்சான் அடங்குகிற நேரம். இழுத்து விட்ட வள்ளங்கள் நிழலை நீட்டிப் படுத்திருந்தன. கடல் வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக மடித்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தது. நடந்துவந்த அடிச்சுவடுகளைத் திரும்பிப் பார்த்தாள். ஓரமாக இருந்ததை ஒரு அலை வந்து அழித்துப் போனது. இத்தனை வருடமும் அந்த இரண்டு வரிகளைக் கேட்டு ஒரு காதலியைத்தான் அவள் பார்த்திருந்தாள். அந்தக் காதலி தானே என்றுகூடச் சில பகல்களில் நினைத்ததுண்டு. இப்போது கரையில் நின்றது முந்தானையை இழுத்து மூடிக்கொண்ட, அவள் ஒருநாளும் கண்டிராத ஒரு மாமி, றுமைஸின் உம்மா.

பட்டறையில் எஞ்சின் பீப்பாய்க்குள் குமுறிக்கொண்டிருந்தது. றுமைஸ் எண்ணெய்க் கையைப் பழஞ்சீலையில் துடைத்தான். ஊரெல்லாம் மாப்புக் கேட்டு முடிந்ததா, எனக்கு எப்போது என்று இரைச்சலுக்கு மேலால் பகிடியாகக் கத்தினான்.

"அத நிப்பாட்டுங்க, மச்சான்," என்றாள்.

அவன் நிறுத்தினான். பீப்பாய்த் தண்ணீர் கொஞ்ச நேரம் சுழன்றுவிட்டு அமைதியானது. கடல் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"உங்களிட்ட மொத்தமாக் கேக்க ஏலா. பேர் சொல்லித்தான் கேக்கணும்." போத்தலை மணலில் வைத்தாள். "நுரை நான்தான்."

அவனுக்கு அது உடனே போய்ச் சேரவில்லை. முகத்தில் பகிடியின் மிச்சம் இருந்தது. பிறகு அது மெல்ல வடிந்தது. கவிழ்த்து வைத்த வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒலுவில் விடுதி, பிரசாந்தின் சீடி, பச்சைக் கோடு, குவைத்து லொறிக்காரர், திங்கட்கிழமை சீலைக்குப் பின்னால் நின்று கேட்டது. கடைக்கு எதிர்ப்பக்கம் மூன்று தரம் நின்றதையும் சொன்னாள். உள்ளே போகப் பயந்ததையும், கடைக்கு உள்ளேயும் யாரோ ஒருவன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததையும் சொன்னாள்.

"அது நான்," என்றான் அவன்.

"என்ன?"

"ஆர் வாங்க வாறாங்க எண்டு பாக்க ரெண்டு மாசம் அங்கதான் குந்திக்கொண்டிருந்தன்." அவன் சிரிக்கப் போனான், முடியவில்லை. "எதிர்ப்பக்கம் ரெண்டு புள்ளைகள் ஐஸ்கிறீம் குடிச்சிட்டுப் போறதக் கண்டிருப்பன். ஆர் கண்டது?"

இருவரும் கடலைப் பார்த்தார்கள். அந்தத் தெருவின் அகலம் பத்து முழம் இருக்குமா என்று றுஸ்தா நினைத்தாள். அதைக் கடக்க இத்தனை வருடம்.

"ஏன் முந்தியே சொல்லல்ல?"

"சொன்னா நீங்க படிக்கவே மாட்டீங்க எண்டு நினைச்சன்."

"சொல்லாட்டியும் படிக்கல்லயே."

அவள் தலையசைத்தாள். கண்ணீர் வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. அவன் பழஞ்சீலையை மடித்தான், விரித்தான், மறுபடி மடித்தான். பாட்டுகளைப் பொறுத்தவரை ஹலால் என்று கடைசியில் சொன்னான். பன்னிரண்டும் ஹலால். கலியாணத்தன்று விழுந்த குரவைக்கு மட்டும் கொஞ்சக் காலம் தர வேண்டும், நீ போய் வருவதற்குள் அதுவும் சரியாகிவிடும் என்றான். அதை அவன் நேர்மையாகச் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அவசரமாகக் கிடைத்த ஹலால்கள் எதற்கும் இந்தக் கனம் இருக்கவில்லை.

தூரத்தில் மஃரிபுக்கு ஆயத்தமாகிற பள்ளிவாசலின் ஒலிபெருக்கி ஒருதரம் இருமியது. கடல் கடைசி வெளிச்சத்தையும் மடித்து வைத்தது. அவன் எழும்பி எஞ்சினை மூடத் தறப்பாளை எடுத்தான். இன்னும் ஒரு நிமிடம் போனால் இந்தப் பேச்சு முடிந்துவிடும். நாளை பயணம்.

"மச்சான்."

அவன் திரும்பினான்.

"கேட்டிருந்தாக் குடுத்திருப்பன் எண்டு ஹமீட் காக்காவிட்டச் சொன்னீங்கதானே." அவளுடைய குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "இப்ப கேக்கிறன். அந்த மூணாவது வரிய எனக்குப் படிச்சுக் காட்டுங்க."